பூனைக்கும் ஒரு பங்கு உண்டா?

உரோமை நகருக்குத் திருப்பயணம் செல்லும் நம்மவர் புனித பேதுரு பேராலயத்தைக் கண்டு, கொலோசேயத்தைச் சுற்றிவந்து மனநிறைவோடு திரும்புகின்றனர். அந்நகரின் நடுவே தோர்ரே அர்ஜெந்தீனா என்றொரு சதுக்கம் உண்டு. தெருமட்டத்திற்குக் கீழே, பழங்கால உரோமையரின் நான்கு கோயில்கள் இடிபாடுகளாய்க் கிடக்கின்றன. கி.மு. 44இல் ஜூலியஸ் சீசர் குத்துண்டு வீழ்ந்த மண்டபத்தின் எச்சங்களும் அங்கேயே உள்ளன. 1920களின் இறுதியில் அகழ்ந்தெடுக்கப்பட்ட அவ்விடத்தில், வீடற்ற பூனைகள் குடியேறின. அவற்றுக்கு உணவு கொண்டுவரும் பெண்களை உரோமை மக்கள் ‘கத்தாரே’ என அழைத்தனர். ‘பூனைக்காரிகள்’ என்று நாம் சொல்லலாம். 1990களின் முற்பகுதியிலிருந்து அங்கே தன்னார்வலர்கள் ஒரு காப்பகமே நடத்திவருகின்றனர்.

இதைக் கேட்டதும் நம் உள்ளத்தில் ஒரு கேள்வி எழும், எழவும் வேண்டும். மனிதர் தெருவில் படுத்துறங்கும் உலகில் பூனைக்கு மருத்துவமா? ஏழையின் பங்கை எடுத்துப் பூனைக்குப் போடுவது அறமாகுமா?

இக்கேள்வியைத் திருச்சபை தட்டிக்கழிக்கவில்லை. 1992இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி (எண்கள் 2416-2418), விலங்குகள் இறைவனின் படைப்புகள் என்றும், அவற்றுக்கு நாம் பரிவுகாட்டக் கடமைப்பட்டுள்ளோம் என்றும், தேவையின்றி அவற்றைத் துன்புறுத்துவது மனித மாண்புக்கே இழுக்கு என்றும் கற்பிக்கிறது. அதே மூச்சில், மனிதத் துயர் துடைக்க முதன்மையாய்ச் செல்லவேண்டிய பணத்தை விலங்குகள்மீது செலவிடுவதும் தகாது என எச்சரிக்கிறது. இவ்விரண்டில் ஒன்றைப் பற்றிக்கொண்டு மற்றதை நழுவவிடுவது எளிது. இரண்டையும் சேர்த்துப் பிடிப்பதே கடினம்.

விவிலியத்தில் பூனைக்குப் பெருமை ஏதுமில்லை. பாரூக்கு நூலின் 6ஆம் அதிகாரத்தில் மட்டும், உயிரற்ற சிலைகளின்மேல் ஏறி அமரும் பிராணியாக அது தலைகாட்டுகிறது. ஆயினும் பகைவனின் கழுதை சுமையின்கீழ் விழுந்துகிடந்தால் தூக்கிவிடச் சொல்கிறது திருச்சட்டம் (விப 23:5). நினிவே நகருக்காக இரங்கிய இறைவன் அங்கிருந்த கால்நடைகளையும் கணக்கில் சேர்த்தார் (யோனா 4:11). காசுக்கு விற்கப்படும் குருவியும் தந்தையின் அறிவின்றித் தரையில் விழுவதில்லை என்றார் நம் ஆண்டவர் (மத் 10:29).

அந்தக் குருவியை நாம் மறக்கலாகாது. பூனை வேட்டையாடும் உயிர். குருவியும் அதற்கு இரை. ஆகவே பூனையிடம் காட்டும் இரக்கம் கண்ணை மூடிக்கொண்ட இரக்கமாய் இருத்தல் ஆகாது. ஒரு பெண்பூனை ஐந்தாறு மாதத்திலேயே கருத்தரிக்கக்கூடும். சினைக்காலம் ஏறக்குறைய ஒன்பது வாரங்களே. ஓராண்டில் இரண்டு, மூன்று முறை ஈனும். வெறுமனே சோறு வைத்துவிட்டுப் போனால், அடுத்த ஆண்டு பட்டினியால் சாகும் குட்டிகளையே நாம் பெருக்கியவர்களாவோம். இதை உணர்ந்த தன்னார்வலர்கள் கூண்டில் உணவு வைத்துப் பூனைகளைப் பிடிக்கின்றனர். கருத்தடை அறுவை செய்விக்கின்றனர். அடையாளமாக ஒரு காதின் நுனியைச் சிறிதளவு வெட்டிவிடுகின்றனர். பின்னர்ப் பிடித்த இடத்திலேயே திரும்ப விடுகின்றனர். ஒன்றிரண்டுக்குச் செய்து நிறுத்தினால் பயனில்லை. கூட்டத்தில் பெரும்பாலானவற்றுக்குச் செய்தாக வேண்டும். 1991 ஆகஸ்டு 14ஆம் நாளிட்ட இத்தாலியின் 281ஆம் சட்டம் இம்முறையை ஏற்று, தெருவில் வாழும் பூனைகளைத் துன்புறுத்துவதைத் தடைசெய்தது. கடும் நோயுற்றவை, குணப்படுத்த முடியாதவை தவிர மற்றவற்றைக் கொல்லலாகாது என்றும் விதித்தது.

மனிதருக்குக் கருத்தடை அறுவையை ஏற்காத திருச்சபையின் மக்கள் இதை ஏற்கலாமா என நம்மில் சிலர் ஐயுறலாம். மனிதரின் இனப்பெருக்கம், இருவர் தம்மையே கையளிக்கும் அன்போடும் இறைவனின் அழைப்போடும் பிணைந்தது. விலங்கிற்கு அது இயல்பூக்கம் மட்டுமே. எலிக்காகப் பூனையைத் தன் வீட்டுக்கும் ஊருக்கும் வரவழைத்தவன் மனிதன். வேண்டாதபோது தெருவில் விட்டவனும் அவனே. தோட்டத்தைப் பண்படுத்தவும் பாதுகாக்கவும் பணிக்கப்பட்டவன் (தொநூ 2:15) அந்தப் பொறுப்பை ஏற்பது தவறன்று. ஏற்காமல் விடுவதே தவறு.

எனினும் இப்பணியிலும் ஒரு சோதனை ஒளிந்திருக்கிறது. விலங்கு எதிர்த்துப் பேசாது, ஏழை பேசுவான். ஆகவே மனிதரோடு ஒத்துப்போக இயலாத உள்ளம் பூனையிடம் புகலிடம் தேடிக்கொள்ளக்கூடும். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் ‘இறைவா உமக்கே புகழ்’ என்னும் சுற்றுமடலில், பிற உயிர்களிடம் காட்டும் கொடுமை நாளடைவில் மனிதரை நடத்தும் முறையிலும் வெளிப்படும் என்றார். அவரே 2022 ஜனவரியில், குழந்தைகளுக்குரிய இடத்தில் நாய்களையும் பூனைகளையும் வைத்துக்கொள்வோரைக் கண்டித்தார். இவை முரண்பட்ட பேச்சுகள் அல்ல. அன்புக்கும் ஓர் ஒழுங்கு உண்டு என்பதையே இரண்டும் சொல்கின்றன.

அந்த ஒழுங்கைப் புனித மார்ட்டின் தெ போரஸ் (1579-1639) வாழ்வில் காண்கிறோம். லீமா நகரின் தொமினிக்கன் மடத்தில் நோயாளரைக் கழுவித் துடைத்து மருந்திட்டவர் அவர். தெருவில் கிடந்த ஏழைகளைத் தம் கட்டிலில் கிடத்தியவர். அடிபட்ட நாய்களையும் பூனைகளையும் தம் சகோதரியின் வீட்டில் வைத்துப் பேணினார் என்று அவருடைய வரலாறு கூறுகிறது. நோயாளிக்குரியதைப் பறித்து அவர் பூனைக்குக் கொடுக்கவில்லை. நோயாளியிடம் பழகிய கைகள், வழியில் கண்ட பூனையிடமும் அப்படியே நடந்துகொண்டன.

ஆகவே, பூனைக்கும் பங்கு உண்டா என்ற கேள்விக்கு நாம் தரும் விடை இது: உண்டு, ஆனால் அது ஏழையின் பங்கிலிருந்து எடுத்ததாயிருத்தல் ஆகாது. நம் பண்டிகைப் பட்டாசிலிருந்தும், விருந்தில் வீணாகும் இலைகளிலிருந்தும் எடுத்ததாயிருக்கட்டும். பூனைக்குக் கொடுத்ததால் ஏழைக்கு இல்லாமற்போன வீடுகள் எத்தனையோ நாம் அறியோம். இருவருக்கும் கொடாத வீடுகள் நம் பங்கிலும் உண்டு. குட்டிகளைச் சாக்கில் கட்டிச் சந்தையோரம் விட்டுவிட்டு, அந்த வழியாகவே ஞாயிறு திருப்பலிக்குச் செல்கிறவர்கள் நாமாகவும் இருக்கலாம். அடுத்த முறை சாக்கின் வாயைக் கட்டுமுன், உள்ளிருந்து வரும் குரலுக்குச் சற்றே செவிகொடுப்போம்.