யார் சொன்னது?

கேட்டதை அப்படியே எடுத்துச் சொல்பவன் பொய்யனாவானா? அவன் எதையும் புனையவில்லையே. பிறர் சொன்னதைத்தானே சொன்னான்? இக்கேள்விக்கு விடை தெரியும் என்றே நாம் பல்லாண்டுகள் எண்ணியிருந்தோம்.

அண்மையில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம், கல்வியின் சிறப்பைப் பற்றி எழுதி வரப் பணித்தோம். ஒவ்வொரு செய்தியும் எங்கே கிடைத்தது என்பதையும் அருகில் குறிக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஒரு மாணவன், கல்விக்காகச் சீனம் வரை செல்லச் சொல்லும் அந்தப் புகழ்பெற்ற வாக்கியத்தை நபிமொழி என எழுதி, "மாமு கைபேசியில் அனுப்பினார்" என்று குறித்திருந்தான். மாமுவுக்குச் சொன்னவர் யார் என வினவினோம். விழித்தான். பிறகு மெல்ல, "நீங்களே மீலாது மேடையில் சொன்னீர்களே, ஹஜ்ரத்" என்றான்.

உண்மைதான். சொல்லியிருக்கிறோம், ஒருமுறையல்ல. அதன் அறிவிப்பாளர் தொடர் பலவீனமானது என்று, ஹிஜ்ரி 458இல் மறைந்த இமாம் பைஹகீ எழுதியிருப்பதும், இப்னுல் ஜவ்ஸீ அதனைப் புனையப்பட்ட ஹதீஸ்களைத் தொகுத்த தம் நூலிலேயே சேர்த்திருப்பதும் மதரஸாவில் ஓதிய நாம் அறியாதவையல்ல. கருத்து நல்லது, சொன்னால் கூட்டம் நிமிர்ந்து உட்காரும், ஆகவே சொன்னோம். கருத்து நல்லதாயிருப்பது வேறு, அதை இன்னார் சொன்னார் என்பது வேறு. ஒருவர் சொன்னார் என்று உறுதியாகாததை அவர்மீது ஏற்றுவதற்கு, அதன் நன்மை எங்ஙனம் சாட்சியாகும்?

முஹத்திஸ்கள் இதில் கண்டிப்பானவர்கள். ஒவ்வொரு ராவியும் யாரிடம் கேட்டார், இருவரும் ஒரே காலத்தில் வாழ்ந்தவர்களா, அவரது நினைவாற்றல் எத்தகையது என்றெல்லாம் துருவினர். வணக்கசாலிதான், ஆயினும் நினைவு தடுமாறுபவர் என்று கண்டால் அவர் அறிவிப்பை ஒதுக்கினர். அவருடைய பக்தியை மறுக்கவில்லை. பிள்ளைகளுக்குக் கற்பிக்க நாம் தயங்குவது இந்த நுட்பத்தைத்தான். "யார் சொன்னது?" என்று கேட்கப் பழகினால் பெரியோர்மீது மரியாதை போய்விடுமென அஞ்சுகிறோம். (அச்சம் மரியாதையைப் பற்றியதா, நம்மைப் பற்றியதா என்பது வேறு விஷயம்.)

பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு ராவிகளின் வரலாற்று நூல்கள் வேண்டியதில்லை. எழுதியவர் யார், அவருக்கு இது எப்படித் தெரியும், அவர் காட்டும் நூலைத் திறந்தால் அது அங்கே இருக்கிறதா என்று பார்த்தால் போதும். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பத்து இடங்களில் ஒரே செய்தியைக் கண்டால், பத்துச் சாட்சிகள் என்று பிள்ளைகள் எண்ணிவிடுகிறார்கள். பத்தும் ஒன்றையே பார்த்து எழுதப்பட்டவையானால் சாட்சி ஒன்றுதான்.

அம்மாணவனிடம் அந்த வரியை அடித்துவிடச் சொல்லவில்லை. நபிமொழி என்ற சொல்லை நீக்கி, இமாம்கள் அதைப் பற்றிக் கூறியதைச் சேர்க்கச் சொன்னோம்.

"மேடையில் கேட்டது என்று உங்கள் பெயரையும் எழுதட்டுமா, ஹஜ்ரத்?" என்றான்.

எழுதச் சொன்னோம்.