தானே எழுந்த ஜோதியும் கையால் ஏற்றும் தீபமும்

‘டெக்னோ’ என்றதும் இயந்திரம்தான் நினைவுக்கு வருகிறது. டெட்ராய்ட் இளைஞர்கள் மின்கருவிகளில் ஆக்கிய நடன இசைக்கு அந்தப் பெயர் நிலைத்தது 1988இல் வெளிவந்த ஓர் இசைத் தொகுப்பால். ஆனால் அதன் வேரான ‘டெக்னே’ என்ற கிரேக்கச் சொல் கருவியைக் குறித்ததல்ல, செய்கிறவரின் திறமையைக் குறித்தது. தானே முளைப்பது இயற்கை. செய்பொருளுக்கோ மூலம் செய்கிறவரிடம் இருக்கிறது என்று இரண்டையும் பிரித்தார் அரிஸ்டாட்டில். இந்தப் பிரிவினை திருவண்ணாமலையில் சமயக் கேள்வியாகிவிடுகிறது. பிரம்மாவும் திருமாலும் அடிமுடி காணாத நெருப்புத் தூணை யாரும் ஏற்றவில்லை, அது தானே எழுந்தது என்கிறது புராணம். அதன் நினைவாக எரியும் கார்த்திகை தீபமோ முழுக்க மனித உழைப்பு. 2,668 அடி மலையின் உச்சிக்குக் கொப்பரையைச் சுமந்து ஏற்றுகிறார்கள். ஆயிரக்கணக்கான கிலோ நெய், மிக நீளமான காடாத் துணி, கற்பூரம் எல்லாம் தேவைப்படுகின்றன. தீபம் ஏற்றும் உரிமை பருவதராஜகுலத்தாருடையது. கீழே கோயிலில் அர்த்தநாரீஸ்வரர் வெளிவரும் வேளையும் மேலே சுடர் எழும் வேளையும் பொருந்தியாக வேண்டும். தானாகத் தோன்றியதை இப்படிச் செய்துகாட்டுவது போலி ஆகாதா?

ஆகாது என்பேன். நெய்யின் கணக்கு ஆண்டுதோறும் செய்தித்தாளில் வருகிறது. அதைப் படித்தவரும் சுடரைக் கண்டதும் அரோகரா என்கிறார். அவர் ஏமாறவில்லை. இறைவனை ஆக்கியதாக அங்கே யாரும் உரிமை கொண்டாடுவதில்லை. அத்வைதி விடமாட்டார்: செய்யப்பட்டதெல்லாம் அழியும், ஆன்மாவை எந்தச் செயலும் உண்டாக்காது, பிறகு இத்தனை பாடு எதற்கு? முதல் பாதி சரிதான். ஆனால் 1896இல் இவ்வூருக்கு வந்து, ‘நான் யார்’ என்ற விசாரணையையே நேர்வழியாகக் காட்டிய ரமணரும் அருணாசலத்தின்மேல் அட்சரமணமாலை பாடினார், மலையை வலம் வந்தார், ஆசிரமச் சமையலறையில் காய் நறுக்கினார். செயலுக்குப் பலன் செய்கிறவரின் மனம் பக்குவப்படுவது என்று வைத்துக்கொண்டால் அவரிடம் முரண் இல்லை.

அப்படியானால், பல கோயில்களில் பூசை நேரத்தில் மோட்டார் ஓட்டும் முரசும் மணியும் மட்டும் என்ன பாவம் செய்தன? மின்சாரம் குற்றமல்ல, நாகசுரமும் ஒருகாலத்தில் புதுக் கருவியாகத்தான் இருந்திருக்கும். ஆனால் நாகசுரம் ஊதுகிறவர் தீபாராதனையைப் பார்த்தபடி வாசிப்பை நீட்டுவார், குறைப்பார். பொத்தானை அழுத்தியவருக்கு அந்தக் கவனம் வேண்டியதில்லை. எனவே அவருக்குள் எதுவும் பக்குவப்பட வழியில்லை. மேளக்காரருக்குக் கூலி கொடுக்க இயலாத சிறு கோயிலில் அந்த இயந்திரத்தைக் குறை சொல்ல மனம் வரவில்லை. உண்டியல் நிறையும் கோயிலில் அதை வைப்பதற்கு ஒரு நியாயமும் எனக்குத் தெரியவில்லை.