மீளும் வழிக்கும் ஒரு பங்கு

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், சான் ஹோசே நகருக்குத் தென்கிழக்கே, ஹென்றி கோ மாநிலப் பூங்கா பரந்து கிடக்கின்றது. ஏறத்தாழ 87,000 ஏக்கர் பரப்பு. புல்வெளி மேடுகள், அவற்றினிடையே ஓக் மரங்கள், செங்குத்தான பள்ளத்தாக்குகள். இளவேனிலில் பசுமை போர்த்த புல், கோடையில் பொன்னிறமாய்க் காய்ந்துவிடும். ஓடைகள் பலவும் வற்றிவிடும்.

ஒருநாள் நடைப்பயணம் மேற்கொள்வோருக்கு இம்மலை வைக்கும் சோதனை விந்தையானது. பெரும்பாலான மலைகளில் ஏற்றம் முதலில் வரும். களைத்தவன் இறங்கி மீளலாம். இங்கோ, பூங்காவின் தலைமையகம் முகட்டின்மேல் அமைந்துள்ளது. அங்கிருந்து காலைக் குளிரில் எளிதாய் இறங்குபவன், வெயிலேறிய வேளையில், தண்ணீர் குறைந்த நிலையில், ஏறியே மீள வேண்டும்.

அங்ஙனமாயின், எவ்வளவு தொலைவு செல்வது? "முடிந்தவரை" என்பது துணிவுபோல் ஒலிக்கும். ஆனால், இறங்கும் கால்கள் உண்மை கூறா. ஆகவே, திரும்பும் நேரத்தைப் புறப்படுமுன்பே உறுதிசெய்தல் வேண்டும். குழுவில் வலிமை குறைந்தவரின் நடையே அதற்கு அளவுகோல். குறித்த நேரம் வந்ததும், அடுத்த மேடு எத்துணை அழைத்தாலும், திரும்பிவிடுதல் வேண்டும்.

இது கோழைமையா? அன்று. தன் வலிமை முழுவதையும் போகும் வழியிலேயே செலவிடுபவன் தன்னை மட்டும் பணயம் வைப்பதில்லை. உடன் வந்தோரையும், தேடிவரும் மீட்பாளரையும் சேர்த்தே வைக்கின்றான்.

இளமையும் இறக்கத்தில் தொடங்கும் பயணமே. எளிதாய்ச் செல்லும் காலத்திலேயே, அரிதாய் ஏறும் காலத்திற்கு ஒரு பங்கை எடுத்துவைப்பவனே உண்மையில் துணிந்தவன்.