ஜன்னலோர சீட்டு

"தூக்கமே வரலம்மா. நெஞ்சு படக்கு படக்குனு அடிச்சிக்குது. பிபியா இருக்குமா?"

2020 ஜூன், கொரோனா ஊரடங்கு. எங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்கா கண்ணகி நகரிலிருந்து போனில் கேட்டார். "உப்பைக் குறைங்கக்கா" என்றேன். சம்பளத்தை அக்கவுண்ட்டில் போட்டாயிற்று. அரிசி இருக்கிறதா என்று வாராவாரம் விசாரித்தாயிற்று. என் பங்கு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

அந்த மாதம் எனக்கும் தூக்கம் போனது. ஆனால் அதற்கு 'மன அழுத்தம்' என்று ஒரு பெயர் என்னிடம் இருந்தது. மொட்டைமாடியில் நடந்தேன். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தோழியிடம் மணிக்கணக்கில் புலம்பினேன்.

அக்காவுக்குச் சாத்திக்கொள்ள உள்ளே இன்னொரு கதவு இல்லை. 2000-இலிருந்து சென்னையின் ஆற்றோரங்களிலிருந்தும் சாலையோரங்களிலிருந்தும் அப்புறப்படுத்தப்பட்ட 15,000-க்கும் மேற்பட்ட குடும்பங்களைக் கொண்டுபோய் வைத்த இடம் கண்ணகி நகர். ஒற்றை அறையில் அவர், பெயிண்டிங் வேலை நின்றுபோன கணவர், மாமியார், இரண்டு பிள்ளைகள்.

செப்டம்பர் 1 அன்று மாநகரப் பேருந்துகள் திரும்ப ஓடின. வேலைக்கு வந்தவரிடம், "இப்பத் தூக்கம் வருதாக்கா?" என்றேன்.

பாத்திரம் தேய்த்தபடியே சொன்னார்: "பஸ்ஸு விட்டுட்டான்ல, இனிமே வரும். ஜன்னல் சீட்டு கெடச்சா முந்தானைய மூஞ்சில போட்டுக்கினு அழுதுடுவேன். எறங்க சொல்ல சரியாப் பூடும். அஞ்சு மாசமா அழ எடமே இல்ல. வூட்ல அழுதா புள்ளைங்க பயந்துக்குது."

குழாயடி, டீக்கடை பெஞ்சு, கோயில் வாசல், பஸ். பாரத்தை இறக்கிவைக்க ஏழைகளுக்கு இருந்ததெல்லாம் வீட்டுக்கு வெளியேதான். ஊரடங்கு முதலில் பூட்டியதும் அவற்றைத்தான். அரிசிக்குக் கணக்கு இருந்தது, ரேஷன் கார்டுக்குக் கொடுத்த 1,000 ரூபாய்க்குக் கணக்கு இருந்தது, அழ ஓர் இடத்துக்கு இல்லை.

அழுதால் மட்டும் கடன் வட்டி குறைந்துவிடாது என்பதும் உண்மை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில், 2020-இல் நாட்டில் தற்கொலையால் இறந்தவர்கள் 1,53,052 பேர். அதில் 37,666 பேர் தினக்கூலிகள். ஏறக்குறைய நான்கில் ஒருவர். கூலி நின்றதற்கு மருந்து கூலிதான். மூச்சுப் பயிற்சி அல்ல.

ஒருமுறை, "மனசுக்குன்னு டாக்டர் இருக்காங்கக்கா, பார்க்கலாமா?" என்று இழுத்தேன். "இன்னாம்மா, என்னிய கீழ்ப்பாக்கம் கேஸுன்னு முடிவு பண்ட்டியா?" என்று சிரித்தார். 1794-இல் தொடங்கிய மனநல மருத்துவமனை இருக்கும் ஊர்ப்பெயர் இன்றும் சென்னையில் வசவுதான். அதனால்தான் துயரம் கண்ணகி நகரில் தன் பெயரைச் சொல்வதில்லை. நெஞ்சுப் படபடப்பு, தலைபாரம், கால் குடைச்சல் என்று வேறு பெயரில் வருகிறது. நான் உப்பைக் குறைக்கச் சொல்கிறேன்.

2022 அக்டோபரிலிருந்து மனநல ஆலோசனைக்கு 14416 என்ற இலவச எண் இருக்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் மாமியார் காதில் விழாமல் அந்த எண்ணில் பேச, ஒற்றை அறையில் எந்த மூலைக்குப் போவது?

"வேலை முடிஞ்சதும் எங்க மொட்டைமாடியில கொஞ்ச நேரம் உட்கார்ந்துட்டுப் போங்களேன்" என்று சாவியை நீட்டினேன். பெரிய மனசு என்றே என்னை நினைத்துக்கொண்டேன்.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டார். "வாணாம்மா. அங்க நீ வந்து இன்னாக்கான்னு கேப்ப. பஸ்ல யாருக்கும் என்னியத் தெரியாது."