தூண்டிலின் மறுமுனை

தவக்காலத்தின் மூன்றாம் வெள்ளிக்கிழமை. சிலுவைப் பாதை முடிந்து மக்கள் கலைந்த பின், ஆலய முகப்பில் ஒருவர் தயங்கி நின்றார். பனியன் கம்பெனி ஒன்றில் கட்டிங் மாஸ்டராகப் பணிபுரிபவர். பங்குப் பணிகளில் முன்னிற்பவர். நாற்பது வயதைக் கடந்தவர். "சாமி, இதைப் பாவசங்கீர்த்தனத்தில் கேட்க வேண்டுமா, வெளியில் கேட்கலாமா என்று தெரியவில்லை. விளையாட்டுக்கு மீன் பிடிப்பது பாவமா?" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. நம் முதல் பாப்பரசரே மீனவர்தாம் என்று சொல்லி அனுப்பிவிடலாம் என்றே நினைத்தேன். ஆனால் அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

மேலைநாட்டார் வசந்தம் என்று கொண்டாடும் நாள்கள் நமக்கு மாசியும் பங்குனியும். வடகிழக்குப் பருவமழையில் நிறைந்த குளங்களும் குட்டைகளும் அப்போது வற்றத் தொடங்குகின்றன. நீர் சுருங்கச் சுருங்க மீன்கள் ஆழமான மடுக்களில் வந்து கூடும். தூண்டிற்காரருக்கு அதுவே அறுவடைக் காலம். மைதா உருண்டைக்கு ஜிலேபிக் கெண்டை வரும், மண்புழுவுக்குக் கெளுத்தி வரும், தவளைக்கு விரால் வரும் என்று நண்பர் எனக்குப் பாடமே நடத்தினார். வாரத்தில் ஆறு நாளும் அடுக்கடுக்கான துணிமேல் வெட்டும் இயந்திரத்தை ஓட்டும் கைக்கு, ஏழாம் நாளில் ஒரு கோலைப் பிடித்துக்கொண்டு அசையாதிருப்பது எத்தகைய ஓய்வு என்பதை நான் அறிவேன். அவர் மனைவியோ, "வயிற்றுக்காகக் கொன்றாலும் மன்னிக்கலாம், பொழுதுபோக்குக்காக ஓர் உயிரின் வாயைக் கிழிக்கலாமா?" என்று கேட்டுவிட்டாராம். அந்தக் கேள்விதான் அவரை ஆலய முகப்பில் நிறுத்தியிருந்தது.

குருமடத்தில் அறநெறி இறையியல் பயின்றபோது இதற்கு எளிய விடை ஒன்றைக் கற்றேன். விலங்குகளிடம் கொடுமை பழகுகிறவன் நாளடைவில் மனிதரிடமும் கொடியவனாவான். ஆதலால் அது தவறு என்றார் புனித தாமஸ் அக்குவினாஸ். 1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி தன் 2418-ஆம் எண்ணில் இன்னும் நேராகவே பேசுகிறது. தேவையின்றி விலங்குகளைத் துன்புறுத்துவதும் கொல்வதும் மனித மாண்புக்கே பொருந்தாது என்பது அதன் கருத்து. 1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 138-ஆம் சட்டம், குருக்கள் வேட்டையில் நாட்டம் கொள்ளலாகாது, ஆரவார வேட்டையில் ஒருபோதும் ஈடுபடலாகாது என்று விதித்தது. மீன்பிடிப்பைப் பற்றி அச்சட்டம் வாய் திறக்கவில்லை. தூண்டிலில் ஆரவாரம் இல்லை என்பதால் போலும்! மீனும் அலறுவதில்லை. அலறாத உயிரின் வலியை நாம் குறைவாகவே மதிக்கிறோம்.

ஜிலேபிக் கெண்டையை எடுத்துக்கொள்வோம். ஆப்பிரிக்காவைச் சேர்ந்த இம்மீன் 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. தாய்மீன் தன் முட்டைகளை வாய்க்குள்ளேயே வைத்துப் பொரிக்கிறது. பொரித்த குஞ்சுகளும் ஆபத்தென்றால் அதே வாய்க்குள் ஓடி ஒளிகின்றன. விரால் வேறு வகை. அதன் குஞ்சுகள் செந்நிறத் திரளாக நீர்மட்டத்தில் நகர்ந்து வரும். அடியில் பெற்றோர் காவல் நிற்கும். அத்திரளின் நடுவே எது விழுந்தாலும் காவல் மீன் பாய்ந்து கவ்வும். பசியால் அன்று, சினத்தால். இதை அறிந்த தூண்டிற்காரர்கள் அந்தச் செந்திரளைத் தேடிச் சென்று ரப்பர் தவளையை எறிகிறார்கள். "அதில் தப்பவே தப்பாது, சாமி" என்றார் நண்பர். சொன்னவர் சற்றே நிறுத்தி, "அதை மட்டும் நான் விட்டுவிட்டேன்" என்றார். தாய்மையையே இரையாக்கிப் பிடிப்பது அவருக்கே கசந்திருக்கிறது. அந்த அளவுக்கு அவர் மனச்சான்று என் பாடநூலுக்கு முன்பே போய் நின்றது.

பிடித்த மீனைத் திரும்ப நீரில் விட்டுவிட்டால் குற்றம் இல்லையா? மேல்நாடுகளில் அதுவே கண்ணியமான வழக்கம். நம் காவிரியிலும் அவ்வழக்கம் இருந்தது. 1873-இலேயே ஹென்றி சல்லிவன் தாமஸ் என்னும் சென்னை மாகாண அதிகாரி இந்தியத் தூண்டிற்கலையைப் பற்றி நூல் எழுதினார். 1946-இல் மைசூரைச் சேர்ந்த வான் இங்கன் என்பவர் 120 பவுண்டு எடையுள்ள மகசீர்க் கெண்டையைப் பிடித்தது இன்றும் பேசப்படுகிறது. பின்னாளில் கர்நாடகப் பகுதிக் காவிரியில் தூண்டிற்காரர்களுக்கென முகாம்கள் அமைந்தன. பிடிப்பார்கள், அளப்பார்கள், எழுதிக்கொள்வார்கள், விட்டுவிடுவார்கள். ஆற்றில் வெடிவைத்து மீன் கொல்வோரை அவர்களுடைய காவலர்கள் விரட்டினார்கள். அந்தக் குறிப்பேடுகளைக் கொண்டுதான், காவிரிக்கே உரிய திமில் மகசீர் அருகிவருகிறது என்பதை 2015-இல் வெளியான ஓர் ஆய்வு எடுத்துக்காட்டியது. அது அருகிய காலத்தில் பெருகியது, வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட நீலத்துடுப்பு மகசீர். மகசீர் பெருகட்டும் என்ற நல்லெண்ணத்தோடுதான் அதை ஆற்றில் விட்டார்கள். 2018-இல் திமில் மகசீருக்கு அறிவியல் பெயர் உறுதியான அதே ஆண்டில், அற்றுப்போகும் விளிம்பில் உள்ள உயிர்களின் பட்டியலிலும் அது சேர்ந்தது. விளையாட்டுக்காக வாயில் முள்ளேற்றியவர்களே அம்மீனின் அழிவுக்குச் சாட்சி எழுதினார்கள் என்பதை நினைக்கையில், அவர்களை எளிதாகத் தீர்ப்பிட எனக்கு மனம் வரவில்லை. குற்றமற்றவர்கள் என்றும் சொல்ல முடியவில்லை. ஆயினும் அந்த நீரை வேறு யார் அவ்வளவு கூர்ந்து பார்த்தார்கள்?

இதையெல்லாம் அவரிடம் சொல்லிவிட்டு, "நீங்கள் பிடிக்கும் மீனை என்ன செய்கிறீர்கள்?" என்று சாதாரணமாகத்தான் கேட்டேன்.

"சின்னதை விட்டுவிடுவேன். பெரியதைப் பக்கத்து லைன் வீட்டில் இருக்கும் ஒடிசாக்காரர்களுக்குக் கொடுத்துவிடுவேன், சாமி."

"நீங்கள் சாப்பிடுவதில்லையா?"

அவர் தரையைப் பார்த்தார். "அந்தக் குளத்து மீனை எங்கள் வீட்டில் சமைப்பதில்லை."

அந்தக் குளத்துக்கு நீர் வருவது நொய்யலிலிருந்து. வெள்ளியங்கிரி மலைச்சாரலில் தெளிந்த ஓடைகளாகப் பிறந்து, கோவையையும் திருப்பூரையும் கடந்து, கரூர் மாவட்டத்தில் காவிரியோடு கலக்கும் ஆறு. வெளுப்பதற்கும் சாயமேற்றுவதற்கும் பயன்பட்ட நீரை நாம் பல்லாண்டுகள் அதில் விட்டோம். பருத்தித் துணியில் சாயம் பிடிக்க உப்பு மிகுதியாக வேண்டும். அந்த உப்பைச் சாதாரணச் சுத்திகரிப்பு நீக்காது. பாசனத்துக்கென்று 1992-இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தேக்கமாயிற்று. அணையில் நீர் இருந்தும், அதைத் திறந்துவிட வேண்டாம் என்று உழவர்கள் கெஞ்சிய விந்தையை நாம் கண்டோம். 2011 சனவரியில் சென்னை உயர் நீதிமன்ற ஆணைப்படி 700-க்கும் மேற்பட்ட சாயப் பட்டறைகள் மூடப்பட்டன. பிறகு கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடக்கூடாது என்ற விதியின்கீழ் அவை மீண்டும் இயங்கலாயின. நிலைமை முன்போல் இல்லை என்பது உண்மை. ஆற்றில் இறங்கிக் குளிக்க எவரும் துணிவதில்லை என்பதும் உண்மை.

"மீன் துள்ளுகிறதே, சாமி" என்றார் அவர். துள்ளும். ஜிலேபிக் கெண்டை உப்பையும் பொறுக்கும், உயிர்வளி குறைந்த நீரையும் பொறுக்கும். நம் நாட்டுக் கெண்டைகள் மாய்ந்த இடத்திலும் அது பெருகும். அது உயிரோடிருப்பது நீரின் நலத்துக்குச் சான்றாகாது.

நற்செய்தியில் வலைகள் பலமுறை வருகின்றன. தூண்டில் வருவது ஒரே இடத்தில்தான். மத்தேயு 17-ஆம் அதிகாரத்தில், வரி கட்டுவதற்காகப் பேதுரு தூண்டில் போட்டுப் பிடித்த மீனின் வாயில் நாணயம் இருக்கிறது. அது ஊருக்கு ஏற்ற கதை என்று முன்பு ஒரு மறையுரையில் வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறேன். நம் ஆற்று மீனின் வாயிலும் டாலர் இருந்தது! வள்ளுவர் இதை மீனின் பக்கத்திலிருந்து பார்த்தார். சூதில் பெறும் வெற்றியை, தூண்டில் முள்ளை மீன் விழுங்கியதற்கு அவர் ஒப்பிட்டார். எது இலாபம், எது முள் என்பது விழுங்கும்போது தெரிவதில்லை.

2011-இல் வேலையிழந்த குடும்பங்கள் ஆலயத்தில் வந்து அழுதபோது, பட்டறைகள் விரைவில் திறக்க வேண்டும் என்று திருப்பலியில் மன்றாடியவன் நான். அது தவறான மன்றாட்டு என்று இன்றும் கருதவில்லை. பசித்த பிள்ளைகள் என் கண்முன் நின்றார்கள். ஆனால் ஆற்றுக்காக ஒரு மன்றாட்டும் நான் சொல்லவில்லை என்பது, இந்த மனிதரோடு பேசிய இரவில்தான் எனக்கு உறைத்தது. ஆகவே அவரைக் கண்டிக்க எனக்கு இருந்த உரிமை சிறியது. இருந்தும் ஒன்றைச் சொன்னேன்: "மீனைப் பிடித்தது பாவமா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. உங்கள் பிள்ளைக்குக் கொடுக்காததை அடுத்த வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்ததில் ஐயம் இல்லை." தருமம் என்றே எண்ணி அவர் கொடுத்தார். வீணாக்குவதைவிடக் கொடுப்பது மேல் என்று நாமும் எத்தனையோ பொருள்களை இப்படித்தான் கொடுக்கிறோம்.

அவர் கொடுப்பதை நிறுத்திவிட்டார். பிடித்ததையெல்லாம் நீரிலேயே விட்டார். மூன்று வாரம் கழித்து மீண்டும் வந்தார்; முகத்தில் முன்பைவிடக் கலக்கம். ஒடிசாக்காரரின் மனைவி வாசலில் நின்று, அரைகுறைத் தமிழில், "அண்ணா, மீன் ஏன் இல்லை? எங்கள் மேல் கோபமா?" என்று கேட்டாராம். வாரத்தில் அந்த வீட்டுப் பிள்ளைகள் மீன் உண்டது அந்த ஒரு நாள்தானாம். "காரணத்தைச் சொன்னால், இத்தனை நாள் தெரிந்தே கொடுத்தாயா என்று கேட்பார்களே, சாமி. சொல்லாவிட்டால் கோபம் என்றே நினைப்பார்கள். என்ன செய்ய?"

சந்தையில் வாங்கிக் கொடுங்கள் என்பது என் நாவின் நுனிவரை வந்தது. ஆனால் அது அவருடைய கேள்விக்கு விடையாகாது என்று விழுங்கிவிட்டேன். இந்த ஞாயிறு மாலை அவர் குளத்துக்குப் போகவில்லை. நாங்கள் இருவரும் அந்த லைன் வீட்டுக்குப் போகிறோம். முதலில் யார் பேசுவது என்பதை இன்னும் முடிவு செய்யவில்லை.