வீடு எனும் பாடம்

இளஞ்சிறார்க்கு வீட்டைப் பற்றிக் கற்பிக்கையில் நாம் பெரும்பாலும் மூன்று படங்களைக் காட்டுகின்றோம்: குடிசை, ஓட்டு வீடு, மாடி வீடு. குழந்தைகள் பெயர்களை ஒப்பிக்கின்றனர். பாடம் முடிந்தது என எண்ணுகின்றோம். ஆனால் நாம் சொல்லாத பாடம் ஒன்றையும் அவர்கள் கற்றுவிடுகின்றனர். அம்மூன்று படங்களும் அவர்கள் கண்ணுக்கு மூன்று படிகளாகத் தெரிகின்றன. குடிசையிலிருந்து வந்த பிள்ளை தலைகுனிகின்றது; மாடி வீட்டுப் பிள்ளை நிமிர்ந்து அமர்கின்றது. வாய் திறவாமலே நாம் ஓர் அநீதியைக் கற்பித்துவிடுகின்றோம் அல்லவா?

'எத்தகைய வீடு?' என்பதோடு நின்றுவிடாமல், 'எவ்வாறு கட்டினார்கள்? யார் கட்டினார்கள்?' என்றும் வினவுவோம். தென்னங்கீற்றை முடைந்து, மழைநீர் தங்காது வழிந்தோடக் கூரையைச் சரிவாக வேய்வதற்கும் அறிவு வேண்டும். செங்கற் சுவரில் ஒவ்வொரு கல்லும் கீழுள்ள இரண்டு கற்களின்மேல் அமர வேண்டும். இணைப்புகள் ஒரே நேர்க்கோட்டில் வந்தால் சுவர் வலுவிழக்கும். எழுப்பிய சுவருக்குப் பல நாள் நீர் வார்க்க வேண்டும். மரக்கட்டைகளை அடுக்கி விளையாடும் ஐந்து வயதுக் குழந்தையின் கைக்கும் இவை எட்டக்கூடிய உண்மைகளே. குடிசையின் அறிவை மதிப்பது வேறு. வறுமையைப் போற்றுவது வேறு. கீற்று தீப்பற்றும், விரைவில் மட்கும் என்பதை மறைத்தலும் பொய்யே.

கையால் கற்பதன் வலிமைக்கு மரியா மாண்டிசோரி அம்மையாரின் பணி சான்று. 1907-ஆம் ஆண்டு ஜனவரி 6 அன்று உரோமையின் சான் லொரென்சோ பகுதியில், ஏழைத் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றில் அவர் 'குழந்தைகள் இல்லம்' தொடங்கினார். பெற்றோர் வேலைக்குச் சென்றபின் சுவர்களைக் கெடுத்துத் திரிவர் என்று கருதப்பட்ட சிறுவர்கள், கூட்டவும் துடைக்கவும் ஒழுங்குபடுத்தவும் அங்கே பழகினர். கெடுப்போர் எனப்பட்டவர் காப்போர் ஆயினர். உழைப்பை அறிந்த கை, உழைப்பின் பயனைச் சிதைக்கத் தயங்கும்.

'யார் கட்டினார்கள்?' என்பதற்குக் கொத்தனார், சித்தாள், தச்சர், சூளையில் கல் அறுப்பவர் என விடை சொல்வோம். உடனே குழந்தை கேட்கும்: "அவர்களுடைய வீடு எங்கே?" இங்கேதான் நமக்கு நா எழுவதில்லை. 2014-ஆம் ஆண்டு ஜூன் 28 அன்று, சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தில் கட்டப்பட்டு வந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் மாண்டனர். பெரும்பாலோர் கட்டடத் தொழிலாளர்கள். அத்துயரத்தைச் சிறு குழந்தையின் தோளில் ஏற்ற வேண்டுவதில்லை. ஆனால் வீடுகள் தாமாகவே முளைத்தன என்பது போல நாம் பேசலாகாது. "பிறர்க்கு வீடு கட்டுகின்ற பலருக்கு நல்ல வீடு இல்லை, அது முறையன்று" என்று எளிய சொற்களில் சொல்லலாம். தின்பண்டத்தைச் சமமாகப் பங்கிடும்படி வழக்காடுகின்ற வயதில், முறை எது என்று குழந்தைக்கு விளங்காமற் போகாது.

தலைகுனிந்த அப்பிள்ளையின் தாய் சித்தாளாக இருக்கலாம். அருகில் நிமிர்ந்து அமர்ந்திருக்கும் பிள்ளையின் வீட்டுக்குக் கல் சுமந்தவளும் அவளாகவே இருக்கலாம். இதை இரு பிள்ளைகளும் ஒன்றாக அறியட்டும். அதன்பின் வெட்கப்பட வேண்டியது குடிசைப் பிள்ளையன்று, வளர்ந்தவர்களாகிய நாமே.