துருவும் மனச்சான்றும்

நெடுங்காலம் நமக்கு உழைத்த ஒன்றை எப்போது கைவிடுவது என்பது எளிய கேள்வியன்று. தூத்துக்குடி உப்பளங்களிலிருந்து உப்பேற்றிச் செல்லும் பழைய லாரிகளை நினைத்துப் பார்ப்போம். ஒரே ஒரு லாரியை நம்பி வாழும் குடும்பத்திற்கு அது வெறும் வண்டியன்று. பிள்ளைகளின் படிப்பும் மகளின் திருமணமும் அதன் வருவாயில் நடந்தவை. அந்த லாரியைத் துரு தின்னத் தொடங்கும்போது, பழுது பார்ப்பதா, மாற்றுவதா என்று வீடே கலங்குகிறது.

இரும்போடு நீரும் உயிர்வளியும் சேர்ந்தால் துரு உண்டாகும். உப்பு அதனை விரைவுபடுத்தும். அலுமினியத்தின்மேல் படியும் ஆக்சைடு அடியிலுள்ள உலோகத்தைக் காக்கிறது. இரும்பின் துருவோ பொருக்குப் பொருக்காக உதிர்ந்து, அடுத்த அடுக்கையும் அழிவுக்குத் திறந்துவிடுகிறது. கதவின் அடிவிளிம்பில் படர்ந்த துரு நம் கண்ணில் படும். சேசிஸ் இணைப்புகளிலும், ஸ்பிரிங் பட்டைகளைத் தாங்கும் பிராக்கெட்டுகளிலும், பிரேக் குழாய்களிலும் ஊறிய துரு, குனிந்து தேடுவோருக்கே புலப்படும். முன்னது அழகைக் கெடுக்கும்; பின்னது உயிரைக் கேட்கும்.

பழுது பார்ப்பதற்கு வலுவான நியாயங்கள் உண்டு. புதிய லாரி என்றால் பெருங்கடன், மாதந்தோறும் தவணை, தவறினால் வண்டியே பறிபோகும். கோபுரம் கட்ட எண்ணுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்று நம் ஆண்டவரே லூக்கா நற்செய்தியில் அறிவுறுத்துகிறார். மேலும், ஒரு வண்டியை உருவாக்கக் கனிமமும் நிலக்கரியும் மனித உழைப்பும் ஏராளமாகச் செலவாகின்றன. திருத்தந்தை பிரான்சிஸ் 2015-ஆம் ஆண்டு வெளியிட்ட 'இறைவா, உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடலில், தூக்கி எறியும் பண்பாட்டைக் கண்டித்தார். கனி தராத அத்திமரத்தை வெட்டிவிடச் சொன்ன உரிமையாளரிடம், இன்னும் ஓராண்டு பொறுக்குமாறு வேண்டிய தோட்டக்காரரையும் நாம் மறக்கலாகாது.

ஆனால் அந்தத் தோட்டக்காரர் கேட்டது வெறும் காலநீட்டிப்பு அன்று. சுற்றிலும் கொத்தி, எருவிடுவதாக அவர் வாக்களித்தார். அந்த ஓராண்டிற்குப் பின்னும் கனி இல்லையேல் வெட்டலாம் என்றும் இசைந்தார். உழைப்பும் எல்லையும் உள்ள பொறுமையே அறமாகிறது. துருவைச் சுரண்டாமல் அதன்மேல் பட்டி பூசிப் பெயின்ட் அடிப்பது பொறுமையாகாது. அது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது. உளுத்த தகட்டின்மேல் வெல்டிங் வைத்தாலும் நிலைக்காது. பழைய ஆடையில் புதுத்துணியை ஒட்டுப்போடுவதால் கிழிசல் பெரிதாகும் என்ற உவமையைப் பட்டறைத் தொழிலாளர் எவரும் எளிதில் புரிந்துகொள்வர்.

அப்படியானால் முடிவெடுக்கும் அளவுகோல் எது? செலவுக் கணக்கு தேவைதான். ஆயினும் அதற்கு முன்னே ஒரு கேள்வி நிற்கிறது: இந்த வண்டியில் அமரப்போவது யார்? பலவேளைகளில் லாரியின் உரிமையாளர் ஒருவர், ஓட்டுநர் வேறொருவர். சிக்கனத்தின் பயன் முன்னவருக்கு. பிரேக் பிடிக்காத நொடியின் விலை பின்னவருக்கும், எதிரே சைக்கிளில் வரும் முகமறியா மனிதருக்கும். வேலை போய்விடுமோ என்ற அச்சத்தில் ஓட்டுநர் வாய்திறவாதிருக்கலாம். அவரது மௌனத்தைச் சம்மதமாகக் கொள்வது நீதியாகாது. திருத்தூதர் யாக்கோபின் திருமுகம் செல்வரைப் பார்த்து, அவர்களது பொன் வெள்ளியில் பிடித்த துருவே அவர்களுக்கு எதிராகச் சான்று பகரும் என்கிறது. அதை அடுத்தே, கொடுக்கப்படாத கூலி கூக்குரலிடுவதாகவும் கூறுகிறது. துருவும் தொழிலாளியின் குரலும் அங்கே அருகருகே வைக்கப்பட்டிருப்பது நம் சிந்தனைக்குரியது.

எட்டு ஆண்டு கடந்த சரக்கு வாகனம் ஆண்டுதோறும் தகுதிச் சான்று பெற வேண்டும் என்பது சட்டம். சான்று கையிலிருந்தாலும், நாம் அறிந்த குறைக்கு நாமே பொறுப்பு. ஆகவே சுத்தியலால் தட்டிப் பார்த்து உண்மையை முதலில் அறிவோம். துரு மேலோடு நின்றிருந்தால் முறையாகச் செப்பனிட்டு, இன்னும் பல்லாண்டு நன்றியோடு பயன்படுத்துவோம். சேசிஸே உளுத்திருந்தால், கடன் வாங்க இயலாவிடினும் அதைச் சாலைக்கு அனுப்பாதிருப்போம். அது குடும்பத்திற்குக் கடினமான சிலுவை என்பதை அறிவோம். அத்தகைய குடும்பத்திற்குத் தோள்கொடுப்பது பங்கு மக்களாகிய நம் அனைவரின் கடமையுமாகும்.

இறுதியாக ஒன்று. மாற்றுவது என்று முடிவு செய்ததும் நம் பொறுப்பு முடிந்துவிடுவதில்லை. பழைய லாரி எங்கே போகிறது? புதுப் பெயின்டில் பளபளக்கச் செய்து, நம்மைவிட ஏழையான ஒருவரின் தலையில் கட்டினால், ஆபத்து அழியவில்லை, கைமாறியிருக்கிறது. எட்டாம் கட்டளையை மட்டுமன்றி ஐந்தாம் கட்டளையையும் அத்தகைய விற்பனை தொடுகிறது. முறைப்படி வாகனங்களை உடைத்தகற்றும் கொள்கையை நடுவண் அரசு 2021-இல் தொடங்கியது. அவ்வழியில் ஒப்படைப்போருக்குப் புதிய வாகனம் வாங்கும்போது சலுகைகளும் உண்டு. கிடைக்கும் தொகை குறைவாயிருக்கலாம். ஆனால் நாம் பெற்ற விலைக்காக எந்த வீட்டிலும் ஒப்பாரி எழாது என்னும் நிம்மதியோடு இரவில் செபமாலையைக் கையிலெடுக்க முடியும்.